மலருக்கு இரண்டு பக்கம்

இரண்டு பக்கம் போதும் என்றார் தலைமையாசிரியர்,
மூன்றாம் பக்கம் ஐஸ் கம்பெனி விளம்பரம்.
நூற்றாண்டு மலர். தலைப்பு அவரே தந்தார்:
கோரைமுனை மேல்நிலைப் பள்ளி, தோற்றமும் வளர்ச்சியும்.
எழுத ஆள் கிடைக்கவில்லை,
நீ எழுத்தர்தானே, எழுது.

பீரோவின் பூட்டைத் தொட்டேன்,
உப்புக்காற்றில் வெந்த துரு
கையோடு உதிர்ந்தது.
சாவி தேவைப்படவில்லை.

முதல் சேர்க்கைப் பதிவேடு
ஏழாம் எண்ணில் தொடங்குகிறது.
ஒன்று முதல் ஆறு வரை கரையான்.
ஏழு: சந்தியாகு, தகப்பன் மத்தியாஸ், சங்கு குளிப்பவர்.
சேர்ந்த பதினோராம் நாள் நீக்கம்.
காரணம் என்ற பத்தியில்
சிவப்பு மையில், குண்டு குண்டாக,
யாரோ ஒரு வாத்தியார்:
'கடல் தெளிந்தது.'

தோற்றத்தில் இதைச் சேர்ப்பதா
வளர்ச்சியில் சேர்ப்பதா?
அன்று சாயங்காலம் வரை
ஒரு வரியும் எழுதவில்லை நான்.

வாசல் கல்லில்
சேகப்பா மரைக்காயர் தர்மம் என்றிருக்கிறது.
மகமைக் கணக்கு வேறு சொல்கிறது.
கருவாட்டுக் கூடைக்குக் காலணா,
சங்கு நூறுக்கு ஓரணா,
பதினாலு வருஷம்.
மரைக்காயர் தந்தது நிலம், பர்மாத் தேக்கு,
அப்புறம் ஒரு கடுதாசி:
'கல்லில் என் பேர் போடவேண்டியதில்லை,
இது எல்லார் காசு.'
அவர் மவுத்தாகி நாற்பதாம் நாள்
கல் வந்து இறங்கியதற்கு
வண்டிக்கூலி ரசீது இருக்கிறது.

செய்யதம்மாள், ஐம்பத்தெட்டில் சேர்ந்தவள்,
நூற்றுப்பத்துப் பையன்களுக்கு நடுவே ஒருத்தி.
மூன்று வருஷமும்
பிற்பகல் வருகை ஒன்றுகூட இல்லை.
கழிப்பறை இல்லாத பள்ளியில்
ஒரு பெண்பிள்ளை எத்தனை மணி வரை இருப்பாள்?
சரித்திரம் காலையில், எழுபத்தெட்டு.
கணக்கு மதியத்துக்கு மேல், முப்பத்தைந்து.
பெண்கள் கழிப்பறைத் திறப்புவிழாப் புகைப்படம்
எண்பத்தாறாம் வருஷத்தது.
மாலையோடு ஒன்பது ஆண்கள்.

புயல் வருஷத்து வருகைப் பதிவேட்டை
ஒரே மூச்சில் புரட்ட முடியவில்லை.
எட்டாம் வகுப்பு ஆ பிரிவு.
பதின்மூன்று பேருக்கு நேரே
ஜனவரி முழுக்கச் சுழி,
பிப்ரவரி முழுக்கச் சுழி,
மார்ச் கடைசி நாள் வரை சுழி.
பெயரை அடித்திருந்தால்
ஒரு கோட்டில் முடிந்திருக்கும் வேலை.

பிறகு தொண்ணூறு.
ஐம்பத்தொன்பது பிள்ளைகள் ஒரே வாரத்தில்.
மாற்றுச் சான்றிதழ் எண் கேட்கும் இடத்தில்
எல்லாருக்கும் ஒரே வாக்கியம்:
'படகில் வந்தது, சான்று இல்லை.'
தணிக்கைக்காரர்கள் அதற்கு ஆட்சேபணை போட்டார்கள்.
அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.
ஆண்டுதோறும் நான்தான் பதில் எழுதுகிறேன்,
'சான்று கோரப்பட்டுள்ளது' என்று.
பேசாலையில் கூரையில்லாத ஒரு பள்ளியின் முகவரிக்கு
யார் கோரினார்கள், எப்போது,
தணிக்கைக்காரர்களும் கேட்பதில்லை.

ஆறு பக்கம் வந்தது.
தலைமையாசிரியர் நின்றபடியே படித்தார்.
தேர்ச்சி விகிதம் எங்கே என்றார்.
சுழிகளை எடுத்துவிடு, விழா நேரம்.
கழிப்பறை வேண்டாம்.
மரைக்காயர் பேரன் வருகிறார்,
கடுதாசி வேண்டாம்.
ஒன்று முதல் ஆறு வரை யாரப்பா?
கரையான் சார்.
'புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள் பலர்' என்று போடு.

அப்படியே அச்சானது.
பக்கம் கொஞ்சம் மிஞ்சியதால்
ஐஸ் கம்பெனிக்குப் படம் பெரிதாயிற்று.

விழா முடிந்த மூன்றாம் நாள்
பதினொன்றாம் வகுப்பு நம்புச்செல்வத்தின் அம்மா
சான்றிதழ் கேட்டு வந்தாள்.
அவன் அப்பா படகோடு அக்கரைச் சிறையில்,
இவனுக்குத் திருப்பூரில் வேலை சொல்லியிருக்கிறார்களாம்.
விலகும் காரணத்துக்குக் கணினி
ஆறு விடை வைத்திருக்கிறது.
மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் போய்வந்தேன்.
கடைசியில் 'மற்றவை'.

கையெழுத்துப் போடத் தெரியுமா என்றேன்.
இந்தப் பள்ளியில்தான் படித்தேன் என்றாள்.

ஜன்னலுக்கு அப்பால்
அடிமணல் தெரிய
தெளிந்துதான் கிடந்தது கடல்.